போயிட்டு வரேன்

பிணவறைக் கவுண்டரில் இருந்த தேவசகாயம், மரகதத்தின் பக்கம் திரையைத் திருப்பினார்.

"உங்க வீட்டுக்காரர் கடைசியா ‘போயிட்டு வரேன்’னு சொன்னது அவர் போன்ல பதிவாகியிருக்கும்மா. மெஷின் அதை ‘பயணம்’ வகையில மாத்திடுச்சு. ‘இறப்பு’ன்னு இருந்தாத்தான் உடம்பைத் தர முடியும்."

"வீட்டை விட்டுக் கிளம்புறப்போ ‘போறேன்’னு யாருங்க சொல்லுவாங்க?"

"எனக்குப் புரியுது. சந்தேகம்னா உயிரோட இருக்கார்னுதான் அது வெச்சுக்கும். அதான் பாதுகாப்பாம்."

மூன்று நாளாக அவள் கணவர் உள்ளே குளிர்பெட்டியில் கிடந்தார்.

அவள் கைபேசி இன்றும் கேட்டது: "பயணம் சென்றவர் திரும்பிவிட்டாரா?" ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள்.

"அவர் இல்லைங்க" என்று விம்மியபடியே மரகதம் ‘இல்லை’யை அழுத்தினாள்.

"நன்றி. நாளை மீண்டும் கேட்கிறோம்."