தொட்டி மீனுக்குப் புண்

"ரஞ்சிதம், துரை கூட்டியாரச் சொன்னாரு. மீனுக்குத் திரும்பவும் புண்ணு வந்துட்டுது."

வடிவம்மாள் வாசலில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டாள். பங்களாவில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. விடியுமுன் போவாள், இருட்டியபின் கதவடைத்துவிட்டு வருவாள்.

"லயத்துல ஒருத்தனுக்குப் புண்ணு வந்தா ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கூட எட்டிப் பாக்கமாட்டாரு. மீனுக்கு வந்தா பட்டதாரி வேணுமாக்கும்."

"வாயக் கொறச்சுக்கடீ. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி வேல காலியாக் கெடக்கு. துரை கண்ணுல பட்டாத்தான் கெடைக்கும்."

அது உண்மை என்பதால்தான் ரஞ்சிதத்துக்குக் கோபம் கூடியது. அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து யுனிவர்சிட்டி போய் விலங்கியல் படித்து வந்த முதல் ஆள் அவள். கிராணி வேலைக்கு மனுப் போட்டு மாதங்கள் ஓடிவிட்டன. துரை வாயே திறக்கவில்லை. அந்த வேலையும் இல்லையென்றால், பட்டத்தை மடித்து வைத்துவிட்டுக் கூடையோடு கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

வெள்ளைக்காரர் போய்க் கோலாலம்பூர்த் தமிழர் ஒருவர் தோட்ட மானேஜராக, துரையாக வந்த பிறகு பங்களாவில் புதிதாக வந்தது ஒன்றுதான்: கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி. பக்கத்துத் திரிங்காப் ஊரில் விளையும் முட்டைக்கோஸை மலைக்குக் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் லோரி, பீப்பாயில் கடல் தண்ணீர் ஏற்றி வரும். மலைக் குளிர் கடல் மீனுக்கு ஆகாது. அதனால் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழலாக ஒரு ஹீட்டர். முதல் தடவை, மஞ்சள் உடம்பில் நீலக்கோடு போட்ட ஏஞ்சல் மீன் இதமாக அதில் சாய்ந்து உறங்கி, விலாவைச் சுட்டுக்கொண்டது. புண்ணில் கிருமி ஏறிச் செதிள் உதிர்ந்தது. ரஞ்சிதம்தான் தேற்றினாள். ஹீட்டர்மேல் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் மாட்டிவிட்டுப் போனாள். இனி மீன் சுட்டுக்கொள்ள வழியே இல்லை.

சமையற்கட்டு வழியாக நுழைந்தவளைச் சமையல்காரன் ஆண்டியப்பன் வரவேற்றான்.

"வாங்க மீன் டாக்டரம்மா. ஊசி கொண்டாந்தீங்களா?"

"உங்க வாய்க்குத்தாண்ணே ஊசி வேணும்."

"போ லா. நான் பொரிக்கிற மீனுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்ல."

மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றினாள். ஈரத் துணியில் பிடித்து, செவுளில் படாமல் புண்ணில் அயோடின் ஒற்றினாள். பிறகு கிருமிக்கான மருந்துப் பொடியை எடுத்தாள். துரை பக்கத்திலேயே நின்றார்.

"மருந்தத் தண்ணியிலயே கரைச்சுவிட்டா என்ன?"

"கடல் தண்ணியில இந்த மருந்தோட வீரியம் செத்துடும் சார். இறாலுக்குள்ள வச்சுக் குடுக்கணும்." துரை என்று அவரை அவள் அழைத்ததே இல்லை.

பிறகு பெரிய தொட்டியைக் குனிந்து பார்த்தாள். குழாய் மாட்டியபடியேதான் இருந்தது. ஆனால் அதன்மேல் படிந்திருந்த பாசி, விரல் பட்ட இடங்களில் மட்டும் அழிந்து போயிருந்தது.

"சார், இது தானா வந்த புண்ணு இல்ல. ராத்திரிக்கு யாரோ குழாயக் கழட்டி, விடிஞ்சதும் திருப்பி மாட்டியிருக்காங்க."

"வேணுமின்னா?"

"வேணுமின்னுதான்."

"யாரு?"

வெளியே வராந்தாவில் வடிவம்மாள் தரை துடைக்கும் சத்தம் கேட்டது. ரஞ்சிதம் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தாள். பொரித்த மீன் பேச்சு இன்னும் காதில் நின்றது.

"நான் பேர் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ள இருக்கிறவங்கள விசாரிங்க. வாயில்லா ஜீவனச் சுடுற ஆள ஒரு நாளுகூட வேலையில வச்சிருக்காதீங்க."

துரை முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் காலை அவள் பஸ் ஏறித் தானா ராத்தா டவுனுக்குப் போய், தீர்ந்துபோன மருந்தை வாங்கிக்கொண்டு நேராகப் பங்களாவுக்கு வந்தாள். தனித் தொட்டியில் மீன் இறாலைக் கவ்வியது. புண்ணின் ஓரத்தில் வெளுப்புக் குறைந்திருந்தது.

"பொழச்சுக்கும் சார்."

"நல்லது. நீ சொன்னது சரி. விசாரிச்சேன், ஆள் ஒத்துக்கிட்டாச்சு. காலையிலேயே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன்."

"சரி சார்."

"யாருன்னு நீ கேக்கலையே?"

"யாரா இருந்தா என்ன சார்? தப்பு தப்புத்தான்."

துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படி ஒரு ஆள்தான் ஆபீசுக்கு வேணும். நாளைக்கு வந்து கிராணி வேலையில சேந்துக்க."

நன்றி சொன்னதுகூட அவளுக்கு நினைவில்லை. முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பின்கட்டுக்கு ஓடினாள்.

அங்கே ஆண்டியப்பன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் நின்றுவிட்டாள்.

"நீங்க... இன்னும் போகலையாண்ணே?"

"என்னையத்தான் மொதல்ல மூட்டையக் கட்டச் சொன்னாரு." அவன் தலை நிமிரவில்லை. "உங்கம்மாதான் குறுக்க வந்து, 'அவன் இல்ல துரை, நான்தான் செஞ்சேன், மீனு நோவுல படுத்தாத்தான எம்மவள உள்ள கூப்புடுறீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."