விமானத்திலேயே சாப்பிட்டுவிடு

ஒன்பது மணி நேரம் இருபத்தைந்து நிமிடப் பயணம். பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். முன் இருக்கைத் திரையில் பாதித் தூரம் கடந்திருந்தது.

அப்பாவுக்கு சீரியஸ், உடனே கிளம்பு என்று அண்ணன் சொல்லியிருந்தான். நான் விமானம் ஏறுவதற்குள் மூன்று முறை அழைத்தான். மூன்று முறையும், "வீட்டுக்கு வர கரெக்டா எத்தனை மணி ஆகும்?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிக்கு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "அப்பாகிட்ட போனைக் குடு" என்றதற்கு, "தூங்குறாரு மகி" என்றான். கடைசியாக, "பிளைட்லயே சாப்பிட்டுடு" என்றான்.

நான் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் அம்மா இட்லி ஊற்றி வைத்திருப்பாள். விமானத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனால் நாள் முழுக்க என்னோடு பேசமாட்டாள்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"புடிக்கலியாம்மா? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. பேசாம வீட்டுக்குப் போய் சூடா சாப்பிட்டுக்கோ" என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

தட்டின் மேல் மூடியிருந்த தாளை மெதுவாகப் பிரித்தேன்.

"இல்ல ஆன்ட்டி, வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க" என்றேன். "எங்கப்பா இறந்துட்டாரு."