பெண் குழந்தை, வயது 38

கந்தப்பன் செத்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்கு மகன் லோகேஸ்வரன் இரண்டு பெயர்களைத்தான் எழுதிக் கொடுத்தான். ஒன்று அம்மா ராமாயி, இன்னொன்று அவன். வந்த சான்றிதழில் மூன்று பேர் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே, 'பெண் குழந்தை, மகள், வயது 38, மணமாகாதவர்' என்றிருந்தது. லோகேஸ்வரனுக்கு வயது முப்பத்தாறு.

“எனக்குக் கூடப்பொறந்தவங்களே இல்லைங்க,” என்றான் தாலுகா ஆபீசில்.

கிளார்க் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். “அவங்களே நேர்ல வந்து கைநாட்டு வெச்சாங்களேங்க.”

அந்த ரேகை துவரம்பருப்பு அளவே இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டி, திருத்தச் சொல்லி மனுக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். ராமாயி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“வேண்டாஞ்சாமி. வயசு சரியாத்தான் இருக்குது. பேரு வெக்கற வரைக்கும் நாங்கதான் உட்டுவெக்கல.”