இரண்டு நிமிடம்

அம்மாவின் சிறுநீர்ப்பையின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இன்னொரு பை தொங்குவதை, மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டினார். "எத்தனை தடவ போனாலும் இதுல கொஞ்சம் தங்கிடும். எடுத்துடணும்."

அம்மா இருபத்திரண்டு வருஷம் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எழ வேண்டும். "அடக்குறதுல எனக்கும் ஒரு பட்டம் குடுக்கலாம்டி, உன் காலேஜ் பட்டத்தவிடப் பெருசா" என்று மகளிடம் சிரிப்பாள். மகளுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் செருகினார்கள். குழாய் இருந்தால் யாராலும் அடக்க முடியாது, தானாக வடியும். ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. நர்ஸ் குழாயைக் கழுவிப் பார்த்தாள். அடைப்பு எதுவுமில்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது.

"இப்படியே இருந்தா உள்தையல் பிரிஞ்சுடும்மா" என்று பதறி, நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அம்மா அரைமயக்கத்தில் முனகினாள். "சார்... போயிட்டு வரட்டுமா சார்?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அம்மா வீட்டில் நடித்துக்காட்டும் சூப்பர்வைசரின் அதே கரகரத்த குரலில் சொன்னாள். "சரி, போ. ரெண்டு நிமிஷந்தான்."

குழாய் மஞ்சளானது. கட்டிலுக்கடியில் தொங்கிய சிறுநீர் சேரும் பை நிறைய ஆரம்பித்தது. மகள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சரியாக இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. போர்வைக்குள் அம்மாவின் வலது பாதம் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கியது.