'குப்பை' என்று ஒரு டிரைவ்

கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு வரி. துவங்குவதற்கு டிஸ்க்கே இல்லையாம்.

நாலு தடவை அணைத்துப் போட்டேன். நாலு தடவையும் அதே வரி.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கார்ட்டூன் கம்பெனியில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா யார் யாரிடமோ சொல்லி வாங்கிய வாய்ப்பு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனை வேறு யார் கூப்பிடுவார்கள்? வரைந்த படங்களைக் கொண்டு வரச் சொன்னார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. வரைவேன், பிடிக்காது, 'குப்பை' என்று அழித்துவிடுவேன்.

புதிதாக வரையலாமென்றால், கம்பெனி சொன்ன வரைகிற சாப்ட்வேரை ஏற்ற டிஸ்க்கில் இடமில்லை. பாதியை அக்கா வளைத்துப் போட்டிருந்தாள். அந்த டிரைவுக்குப் பெயரே 'குப்பை'.

"குப்பை கொட்ட உனக்குத் தனி டிரைவா?" என்று காலையில் சண்டை போட்டேன்.

"வேணும்னா எடுத்துக்கோடா," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று இன்னும் ஏதோ சொன்னாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அவள் போனதும் 'குப்பை'யை அழித்தேன். பக்கத்தில் பெயரில்லாத சின்னத் துண்டு ஒன்று குறுக்கே நின்றது. அதையும் தூக்கினேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சாப்ட்வேரை ஏற்றி, அணைத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

மூலைக்கடை மெக்கானிக் வந்து பார்த்துச் சிரித்தார்.

"வீட்ல இடம் பத்தலேன்னு வாசப்படியையே இடிச்சிருக்கே தம்பி. அந்தச் சின்னத் துண்டு இருந்தாத்தான் இது முழிச்சுக்கும்."

ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டார்.

"ஆனா பெரிய டிரைவ்ல இருந்தது வராது. அதுமேலயே சாப்ட்வேரை ஏத்தி உக்கார வெச்சுட்டே."

"அது குப்பைதாண்ணே. போகட்டும்."

சாயங்காலம் அக்கா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாத்தியா?"

"எதை?"

அவள் திரையைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ அழிச்ச படமெல்லாம்டா. ரெண்டு வருஷமா நீ தூங்கினப்புறம் ஒண்ணொண்ணா மீட்டெடுத்து வெச்சேன். நீ குப்பைன்னுதானே சொல்வே, அதையே பேரா வெச்சேன். நீ பாத்ததும் மூஞ்சி எப்படி மாறும்னு இன்னிக்குப் பூரா ஆபீஸ்ல அதே நெனப்பு."

அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"நீ சொல்லவே இல்லையே."

"வாசல்ல நின்னு சொன்னேனே."

"பாட்டு கேட்டுட்டிருந்தேன். காதுல விழல."

அப்போதுதான் பையைக் கீழே வைத்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"என் தப்புதான். உள்ளே வந்து சொல்லியிருக்கணும்."

ஹெட்போனில் நான் அப்போது பாட்டே போடவில்லை. அவள் சொன்னது நன்றாகவே கேட்டது: "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருடா."