பிரஷ் படாத பாதம்

கிறிஸ்துமஸ் பூசைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. துடைக்கும்போது கை தவறியதில், உள்ளங்கையளவே இருந்த பாலன் ஏசு சுரூபத்தின் காலில் வர்ணம் பெயர்ந்துவிட்டது. பெங்களூர் கண்டோன்மென்ட் சர்ச்சில் பூசைச் சாமான்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மதலைமுத்து, சுரூபத்தோடு மனைவியிடம் ஓடினார்.

"பிரஷ்ல பூசினா கோடு தெரியும், ஜோசஃபின். சாமியாரு பாத்தா வேலையே போச்சு!"

பெயின்டைப் பீச்சியடிக்க, ஃபுட்பால் பிளாடரில் சைக்கிள் பம்பையும், பெயின்ட் ஊற்றிய சென்ட் பாட்டிலின் பீச்சுக்குழாயையும் செருகிக் கட்டினார்.

"ஜல்தி பம்ப் அடி!"

மனைவி மூச்சிரைக்க அடித்தாள். ரோஜா பெயின்ட் பனிபோல் படிந்தது.

"இனிமே யாரு உத்துப் பாத்தாலும் தெரியாதுங்க."

பூசையில் சாமியார் உற்றுத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். மதலைமுத்துவுக்கு உயிர் வந்தது.

பூசை முடிந்ததும், வழக்கம்போல் பாலனின் பாதத்தை முதலில் தாமே உதடு பதித்து முத்தி செய்துவிட்டு, வரிசையில் நின்ற சனங்கள் பக்கம் திரும்பினார் சாமியார்.

வெள்ளைத் தாடிக்கு நடுவே அவர் உதடுகள் ரோஜா நிறத்தில் ஈரமாக மின்னின.