வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்

ஸ்காட்லாந்துக் கால்வாய் ஒன்றில், பனிமூட்டமான ஒரு மத்தியானத்தில், மோராக் என்ற சின்னப் படகு நீர்ப்பூட்டுக்குள் நுழைந்தது. முன்னும் பின்னும் கதவை அடைத்து, நடுவிலுள்ள தண்ணீரை வடித்துப் படகைக் கீழே இறக்குகிற கல்தொட்டி அது. படகோட்டி மதகைத் திறக்கக் கரையேறிவிட்டார்.

"சுவரில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னால் நில்லடி," என்று முனகியது பின்கதவு. "என் காலடியில் தண்ணீருக்குள் ஒரு கற்படி இருக்கிறது. உன் பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் குப்புற முழுகிப்போவாய்."

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அப்போது அடியிலிருந்து ஒரு குரல் தேனாய்க் குழைந்தது.

"கதவுக்கு வேறு வேலை இல்லை. பின்னால் வா கண்ணு. நாங்களெல்லாம் அங்கேதான் நின்றோம்."

 கேள்வி கேட்காமல் இருக்க மோராக்குக்குத் தெரியாது.

"நின்றீர்களே, இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"இங்கேதான். உனக்குக் கீழே."

"அங்கே எப்படி இருக்கிறது?"

"இருட்டு. சேறு. ஒரே குளிர்."

"அப்புறம் எந்த நியாயத்தில் என்னைக் கூப்பிடுகிறீர்கள்?"

குமிழிகள் பொங்கி மேலே வந்தன.

"நாங்கள் பட்டோமே. நீ மட்டும் என்ன உசத்தி?"

மோராக் ஆத்திரத்தோடு முன்னால் நகர்ந்தது. தண்ணீர் வடிய வடியக் கற்படி வெளியே தெரிந்தது. அதில் சிவப்பும் பச்சையுமாய் எத்தனையோ படகுகளின் சாயம் ஒட்டியிருந்தது. முன்கதவு திறந்து வெளியேறும்வரை, மோராக்கின் அடிவயிற்றை எதுவோ தடவிக்கொண்டே வந்தது.

கதவு மூடி, மறுபடி தண்ணீர் நிரம்பி, அடுத்த படகு உள்ளே வந்தது. "அந்தப் பேச்சைக் கேட்காதே, கேட்காதே!" என்று மோராக் வெளியிலிருந்து கத்தியது. கனத்த மரக்கதவைத் தாண்டி அந்தச் சத்தம் போகவில்லை. உள்ளேயிருந்து அந்தக் குரல் மட்டும் தெளிவாய்க் கேட்டது.

"பயப்படாதே கண்ணு, பின்னால் வா. இப்போது போனாளே மோராக், அவளும் அங்கேதான் நின்றாள்."